வலிக்கு வைத்த மதகுகள்

சோமனூர்ப் பக்கம் என் மாமாவின் விசைத்தறிக் கொட்டகையில் ஒரு பிற்பகல், ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து நாடா தெறித்து, அடுத்த தறியில் நின்றிருந்தவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே அடித்தது. நாடா என்பது இரு முனையிலும் கூரான இரும்பு பொருத்திய கெட்டி மரக்கட்டை. அது பறந்து வந்து அடித்தால் எலும்புவரை அதிரும். அடிபட்டவர் முதலில் தன் தறியின் கைப்பிடியை இழுத்து நிறுத்தினார். பிறகு குனிந்து பாவு நூல் எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். நிமிர்ந்து நாடா விழுந்த இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அதற்குள் அடிபட்ட இடம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. "அடி பட்டது அப்பத் தெரியலைங்க, தறி நின்னதுக்கு அப்பறந்தானுங்க விண்ணுன்னு தெறிச்சுது" என்றார்.

அடிபட்டதற்கும் வலி தெரிந்ததற்கும் நடுவே அரை நிமிடமாவது போயிருக்கும். அந்த அரை நிமிடத்தில் காயத்தின் அளவில் எந்த மாற்றமும் இல்லை. கையிலுள்ள நரம்புகள் செய்தி அனுப்பத் தாமதித்திருக்கவும் வழியில்லை, ஏனென்றால் மிக மெதுவான நரம்பிழைகூட அந்தத் தூரத்தை ஓரிரு விநாடியில் கடந்துவிடும். ஆக, செய்தி புறப்பட்டிருக்கிறது. வழியில் எங்கோ அது மறிக்கப்பட்டு, பிறகு விடப்பட்டிருக்கிறது. எங்கே மறிக்கப்படுகிறது, யார் மறிக்கிறார்கள், மறிப்பதற்குப் பதில் சில சமயம் ஏன் பெருக்கிவிடுகிறார்கள் என்பதே நரம்பியலாளர்கள் கடந்த 60 ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்துவரும் கேள்வி.

அதற்கு முன் நெடுங்காலம் நிலவிய எண்ணம் எளிமையானது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெகார்ட், நெருப்பில் கால் பட்டவனின் உடம்பில் ஒரு நூல் இழுபட்டு மூளையில் மணி அடிப்பதாக வலியை விளக்கினார். கயிற்றை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு சத்தமாக மணி அடிக்கும் என்பதே இதன் உட்கருத்து. நம்மில் பலரும் இன்றைக்கும் இப்படித்தான் எண்ணுகிறோம்: வலி அதிகமென்றால் உள்ளே பழுது அதிகம், பழுது தென்படவில்லையென்றால் வலியும் பொய். மணிக்கயிற்றைவிட வாய்க்கால்தான் இதற்குப் பொருத்தமான உவமை என்று எனக்குப் படுகிறது, அதிலும் நம் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரில் தொடங்கிச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலில், ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தான் தண்ணீர் போகிறது. அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு வயலுக்கு எவ்வளவு பாயும் என்று சொல்லிவிட முடியாது. அணையில் திறப்பவர் ஒருவர், கிளை மதகில் நிற்பவர் வேறொருவர், கடைசியில் மண்வெட்டியோடு மடை மாற்றுபவர் இன்னொருவர். நரம்பு மண்டலத்திலும் இப்படிப் பல மதகுகள் உண்டு. ஒரே ஒரு வேறுபாடு, இங்கே செய்தி கீழிருந்து மேலே போகிறது. அதைத் திறப்பதா அடைப்பதா என்ற கட்டளை மேலிருந்து கீழே வருகிறது.

முதலில் செய்தி புறப்படும் இடத்தைப் பார்த்துவிடலாம். தோல், தசை, மூட்டு, எலும்பின் மேலுறை ஆகியவற்றில் கேடு உணரும் நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து தண்டுவடத்துக்கு இரண்டு வகை இழைகள் செல்கின்றன. ஒரு வகைக்கு மையலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை உண்டு. அதில் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். மற்றது உறையே இல்லாத மிக நுண்ணிய இழை. அதில் விநாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான். வாசற்படியில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டவர் எவரும் இந்த இரண்டையும் தனித்தனியே அனுபவித்திருப்பார். இடித்த கணத்தில் சுருக்கென்று ஒன்று. "அப்பாடா, அவ்வளவுதானா" என்று நினைப்பதற்குள் அடியிலிருந்து கடுத்துக்கொண்டு எழும் இன்னொன்று. காலிலிருந்து தண்டுவடம்வரை சுமார் 1 மீட்டர் என்று கொண்டால், முதல் வகைச் செய்தி கண்ணிமைப்பதற்குள் சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது வந்து சேர அரை விநாடி முதல் 2 விநாடி வரை ஆகிறது. வலியின் வகைகளுக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை: சுருக்கு, குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், இழுப்பு, தெறிப்பு. மருத்துவரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல் இவற்றில் ஒன்றைச் சொன்னால், எந்த இழை, எந்தத் திசு என்பதில் அவருக்குப் பாதித் துப்பு கிடைத்துவிடும். தசையில் குடைவதும் நரம்பில் எரிவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் மருந்தும் வேறு.

அந்த முனைகளில் ஒரு முனை எப்படி வேலை செய்கிறது என்பதை மிளகாய் காட்டிக்கொடுத்தது. காய்ந்த மிளகாயை வெறுங்கையால் கிள்ளிய இரவில் விரல் நுனிகள் தீயில் வாட்டியது போல எரிவதை எந்த வீட்டிலும் கேட்கலாம். தோல் சுடவில்லை, வெந்துபோகவும் இல்லை. ஆனாலும் சுட்டது போலவே எரிகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தபோது, அதே புரதம் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறந்துகொள்வது தெரியவந்தது. காரமும் சூடும் ஒரே கதவைத் தட்டுகின்றன. அதனால்தான் காரத்தை மூளை 'எரிச்சல்' என்று படிக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2021இல் ஆர்டெம் பட்டபூட்டியனுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிகிறபோது தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடச் சொல்லும் பெரியவர்கள் சொல்வது சரியே.)

ஒழுங்குபடுத்துதல் இந்த முனையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திசு காயப்பட்டால் அங்கே புரோஸ்டாகிளாண்டின் முதலிய வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அவை வலியை நேரடியாக உண்டாக்குவதைவிட, முனைகளின் வரம்பைத் தாழ்த்துவதே அதிகம். 43 பாகையில் திறக்க வேண்டிய கதவு, வீங்கிய திசுவில் உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டிலேயே திறக்கத் தொடங்கிவிடும். வெயிலில் கன்றிய முதுகில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் கொதிநீர் போலச் சுடுவது இதனால்தான். ஆஸ்பிரின் இந்தச் சுரப்பைத் தடுப்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. வீக்கமே இல்லாத வலிக்கு இவை பெரிதாக உதவாமல் போவது ஏன் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

இனி முதல் மதகுக்கு வருவோம். கையிலிருந்தும் காலிலிருந்தும் வரும் இழைகள் தண்டுவடத்தின் பின்கொம்பு எனப்படும் பகுதியில் வந்து முடிகின்றன. அங்கே செய்தி ஒரு நரம்பணுவிடமிருந்து அடுத்த நரம்பணுவுக்குக் கைமாற வேண்டும். கைமாறிய பிறகு அது தண்டுவடத்தின் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து மூளைக்கு ஏறும். இந்தக் கைமாறும் இடத்தில்தான் தடை போட முடியும் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தனர். பின்கொம்பில் ஊன்பசை போலத் தோன்றும் ஒரு மெல்லடுக்கு உண்டு. அதிலுள்ள சிறு நரம்பணுக்கள் மேலே செல்லும் செய்தியை அடக்கக்கூடியவை. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் பருத்த இழைகள், விநாடிக்கு 35 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்து, இந்த அடக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. வலி இழைகள் அவற்றை ஓயச்செய்கின்றன என்பது அவர்களின் கணிப்பு. எந்தப் பக்கத்து வரத்து அதிகம் என்பதைப் பொறுத்து மதகு ஏறும் அல்லது இறங்கும்.

சின்ன வயதில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதபோதெல்லாம் என் அம்மிச்சி, "இங்க வா கண்ணு, நீவி உடறேன்" என்று காயத்தைத் தொடாமல் அதைச் சுற்றிலும் உள்ளங்கையால் அழுத்தி வட்டமாக நீவுவார். அது அன்பு மட்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். மெல்சாக்கும் வாலும் வரைந்த படத்தைப் பார்த்தால், அந்த உள்ளங்கை காயத்தைச் சுற்றியுள்ள தோலின் பருத்த இழைகளைத் தூண்டி, அதே தண்டுவடக் கணுவில் உள்ள அடக்கும் அணுக்களை வேலை வாங்கியிருக்கிறது என்று தெரிகிறது. இயன்முறை மருத்துவ நிலையங்களில் முதுகில் பட்டை ஒட்டிக் "கரண்ட் வைப்பது" இதே கொள்கையில் பிறந்த சிகிச்சைதான். அந்த 1965ஆம் ஆண்டுப் படத்தின் இணைப்புகள் சில பிற்கால ஆய்வுகளில் அப்படியே நிற்கவில்லை. வலி இழைகள் அடக்கும் அணுக்களை ஓயச்செய்கின்றன என்று அவர்கள் கோடு போட்ட இடத்தில் இன்றைய படம் இன்னும் சிக்கலானது. எனினும், தண்டுவடம் வெறும் கம்பி அல்ல, தீர்மானம் நடக்கும் இடம் என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது.

தறிக்காரரின் கதைக்கு இந்த மதகு மட்டும் போதாது. அவர் கையை யாரும் நீவிவிடவில்லை. அவர் கவனமெல்லாம் ஓடும் தறியில் இருந்தது. கவனத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் உண்டென்றால் அது மேலே, மூளையில்தான் இருக்க வேண்டும். இதற்கான பழைய சான்று போர்க்களத்திலிருந்து வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த மயக்க மருந்தியல் மருத்துவர் ஹென்றி பீச்சர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் படுகாயமுற்ற அமெரிக்கச் சிப்பாய்களைக் கவனித்து 1946இல் எழுதினார். வலிமருந்து வேண்டுமா என்று கேட்டபோது நான்கில் மூன்று பேர் போல வேண்டாம் என்றிருக்கிறார்கள். அவர்களுடைய நரம்புகள் மரத்துவிடவில்லை, ஏனென்றால் ஊசியைச் சரியாகக் குத்தாதபோது அதே ஆட்கள் மற்றவர்களைப் போலவே முறையிட்டார்கள். பெருங்காயத்தின் செய்தி அடங்கிக் கிடக்க, சிறு ஊசியின் செய்தி மேலே போயிருக்கிறது. உயிரோடு களத்திலிருந்து வெளியேறிவிட்டோம் என்ற எண்ணம் அந்தக் காயத்தின் பொருளையே மாற்றிவிட்டது என்று பீச்சர் கருதினார்.

அந்த அடக்கும் கட்டளை எங்கிருந்து கிளம்புகிறது என்பது 1969இல் தெரியத் தொடங்கியது. டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் நடுமூளையில் ஓரிடத்தில் மின்முனையைப் பொருத்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்தினார். மயக்க மருந்தே கொடுக்காமல் வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் அளவுக்கு எலிகள் அமைதியாக இருந்தன. நடுமூளையின் நடுவே மூளைநீர் ஓடும் ஒரு குறுகிய நாளத்தைச் சூழ்ந்த சாம்பல்நிறத் திசுவே அந்த இடம். அந்த நாளத்துக்கு உடற்கூறியலாளர்கள் லத்தீனில் வைத்திருக்கும் பெயருக்கே 'நீர்க்கால்' என்றுதான் பொருள். வாய்க்கால் உவமையை நானாக வலிந்து கொண்டுவரவில்லை.

இந்தச் சாம்பல் திசுவைப் பவானிசாகர் என்று வைத்துக்கொள்ளலாம். திட்டமிடும் முன்மூளை, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா, உடலின் உள்நிலையைப் பேணும் ஹைபோதலாமஸ் ஆகிய மூன்றிடமிருந்தும் இதற்குச் செய்தி வருகிறது. ஆகவே கவனம், அச்சம், எதிர்பார்ப்பு ஆகியவை வலியில் கைவைக்க உடலமைப்பிலேயே வழி இருக்கிறது. இங்கிருந்து கட்டளை நேராகத் தண்டுவடத்துக்கு இறங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் உட்பகுதியில் ஒரு கிளை மதகைத் தொட்டுத்தான் இறங்குகிறது. அங்கே இரு வகை நரம்பணுக்கள் அருகருகே இருக்கின்றன. ஒரு வகை இயங்கினால் தண்டுவடத்தில் வலிச் செய்தி அடங்கும். மற்ற வகை இயங்கினால் அது பெருகும். ஆக, மேலிருந்து வரும் ஆணை அடைப்பதற்கு மட்டுமன்று, அகலத் திறப்பதற்கும் உண்டு. வலியை மூளை குறைக்கிறது என்று கேட்டவுடன் ஒப்புக்கொள்பவர்கள்கூட, அதே மூளை அதே வழியில் அதைக் கூட்டவும் செய்யும் என்பதை எளிதில் ஏற்பதில்லை.

கீழிறங்கும் பாதையில் செரட்டோனினும் நாரட்ரினலினும் தூதுப் பொருள்கள். அவற்றோடு உடலே செய்துகொள்ளும் அபின் இன வேதிப்பொருள்களும் உண்டு. அபினிலிருந்து எடுக்கும் மார்பின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973இல் உறுதியானது. கசகசாச் செடியின் பாலுக்காக மூளை ஏற்பி வைத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. உள்ளேயே அதைப் போன்ற ஒன்று சுரக்க வேண்டும் என்ற ஊகத்தில் தேடிய ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும் 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், பன்றி மூளைகளிலிருந்து என்கெபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு 1978இல் வந்த ஓர் ஆய்வு என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே அழகானது. ஞானப்பல் எடுத்தவர்களில் சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டதும் வலி குறைந்தது. அவர்களுக்கே மார்பினின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்தபோது வலி மீண்டும் ஏறியது. வெற்று ஊசியால் தணிந்தது வெறும் கற்பனையாக இருந்திருந்தால், அபினை முறிக்கும் மருந்து அதைக் கலைத்திருக்க முடியாது. மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கை, மூளையைத் தன் சொந்த மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது.

கொங்கு நாட்டில் இருப்பவர் யாரும் இந்த இடத்தில் தீ மிதிக்கும் குண்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. பங்குனியில் பண்ணாரியில் இறங்குபவர்களைப் பார்த்த எவருக்கும், இதெல்லாம் மூளை அடக்குவதுதான் என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படி முழுவதையும் சொல்லிவிடக் கூடாது. சாம்பல் பூத்த தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் ஒவ்வோர் அடியிலும் மிகக் குறுகிய நேரமே படுகிறது. ஆகவே தோலுக்குள் இறங்கும் சூடு நாம் கருதுவதைவிடக் குறைவு. அந்தப் பங்கு இயற்பியலுடையது, அதற்கு நரம்பு மண்டலத்தைச் சான்றுக்கு இழுக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களின் பாதங்கள்தான் இன்னும் நேரான சான்று. மூன்று நாள் தார்ச்சாலையில் நடந்து கொப்புளம் உடைந்த காலோடு மலையேறி இறங்கியவர், ஊர் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் கால் தரையில் ஊன்ற முடியவில்லை என்பார். கொப்புளம் தாராபுரத்திலேயே உடைந்துவிட்டது. மதகு திறந்ததுதான் பேருந்தில்.

ஒரு வலி இன்னொரு வலியை அமுக்கும் என்பதற்கும் தனிப் பாதை உண்டு. உடலின் ஓரிடத்தில் உண்டாக்கும் வலி, தொலைவிலுள்ள மற்றோர் இடத்து வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் அடக்குவதை 1979இல் பிரான்சில் லெ பார்ஸ் குழுவினர் எலிகளிடம் பதிவு செய்தார்கள். தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, அது எரிய எரியத் தலைவலி விலகுவதாகச் சொல்வது இந்தப் பாதைக்கு ஓரளவு பொருந்துகிறது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் அடைப்பைப் பற்றியவை. பெருக்கம்தான் மருத்துவத்துக்குத் தலைவலி. பின்கொம்பில் செய்தியை வாங்கும் நரம்பணுவின் மேல் ஒரு சிறப்பு வாயில் உண்டு. சாதாரண வேளைகளில் மக்னீசிய அயனி ஒன்று தக்கை போல அதை அடைத்துக்கொண்டிருக்கும். உறையில்லா இழைகள் வழியே வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தக்கை பிடுங்கிக்கொள்ளும், கால்சியம் உள்ளே பாயும், அணு முன்னிலும் எளிதில் தூண்டப்படுவதாக மாறிவிடும். கிளிபோர்ட் வூல்ப் 1983இல் எலிகளிடம் காட்டியது இதன் விளைவை: காயத்துக்குப் பிந்தைய மிகை உணர்ச்சியில் ஒரு பங்கு காயம்பட்ட இடத்தில் இல்லை, தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த நிலையில் ஆறிய தழும்பைச் சுற்றியுள்ள நல்ல தோலில் துணி உரசினால்கூட வலிக்கும். தொடுதலைக் கொண்டுவரும் இழை அதே தொடுதலைத்தான் கொண்டுவருகிறது. வாங்கும் இடம் அதை வலி என்று பதிவு செய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திப் பல நாள் ஆன பின்னும் பக்கத்துக் கிணறுகளில் கசிவுநீர் ஊறிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. தண்ணீர் இருப்பது உண்மை. மதகைப் போய்ப் பார்த்தால் அது மூடியிருப்பதும் உண்மை.

என் சின்னம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவர். கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இறங்கும் கடுப்பு அவருக்கு இரண்டு ஆண்டுகளாக உண்டு. ஸ்கேன் எடுத்த இடத்தில் "படத்தில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அது "உனக்கு ஒண்ணுமே இல்லியாமா" என்று மாறியது. கொஞ்ச நாளில் அவரே தன் வலியைச் சொல்லக் கூச்சப்படத் தொடங்கினார். ஸ்கேன் காட்டுவது எலும்பையும் தட்டையும் திசுவையும். பின்கொம்பில் தக்கை பிடுங்கியிருப்பதை அது காட்டாது. முழங்கால் தேய்மானத்திலும் படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் ஆள் சொல்லும் வலிக்கும் பொருத்தம் குறைவு என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, திசுக் கேட்டோடு தொடர்புடைய அனுபவம் மட்டுமன்றி அதை ஒத்த அனுபவமும் வலியே என்று சேர்த்துக்கொண்டது. ஒருவர் வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் குறித்தது. "எல்லாம் மனசுதான்" என்ற பேச்சு இரு வகையில் தவறு என்பேன். தண்டுவடம் மனமல்ல. மனத்தின் வழியே வலி ஏறினாலும், அது நரம்பணுக்களின் வழியே ஏறியதுதான்.

சின்னம்மாவின் கதையில் தூக்கமும் சேர வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது அவருக்கு இரவு வேலை. நூற்பாலைகளில் இது முறை மாறி வரும் ஷிப்ட். தூக்கம் கெட்ட மறுநாள் நலமான ஆட்களிடமும் வலி தாங்கும் அளவு குறைகிறது என்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்டது. வலியால் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் தெரிந்தது. தூக்கம் கெட்டால் வலி ஏறுவதை எந்த மருந்துச் சீட்டிலும் நான் பார்த்ததில்லை.

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இந்த ஒழுங்கின் இரு கேடுகளும் ஒன்றாகக் குடியிருக்கும். நுண்ணிழைகள் பழுதுபட்டு, தூண்டுதல் இல்லாமலே தாமாகச் செய்தி அனுப்புவதால் இரவில் உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். அதே பாதத்தில் செருப்புக்குள் கிடந்த கல்லோ குத்திய முள்ளோ தெரியாமல் புண் ஆழமாகிவிடும். காயமில்லாத வலியும் வலியில்லாத காயமும் ஒரே காலில். எரிச்சல் தானாகக் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து வருபவரின் பாதத்தை மருத்துவர் இன்னும் கவலையோடு தொட்டுப் பார்ப்பது, இழைகள் முற்றிலும் செத்துவிட்டனவோ என்பதற்காகத்தான்.

வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வட பாகிஸ்தானில் கண்டறியப்பட்ட சில குடும்பங்கள் காட்டின. 2006இல் வெளியான அந்த ஆய்வுக்குத் தூண்டுகோல், தெருவில் கூட்டம் கூட்டிக் கையில் கத்தியைச் செருகியும் தணலில் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவன். அவன் 14 வயது நிறைவதற்கு முன்பே வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அந்தக் குடும்பங்களில் வலி அறியாத மற்றப் பிள்ளைகளிடம், வலி இழைகளில் உள்ள ஒரு சோடிய வாயிலை உண்டாக்கும் மரபணு பழுதாகியிருந்தது. பல் மருத்துவர் ஈறில் போடும் லிக்னோகெயின் ஊசி சில மணி நேரத்துக்குச் சோடிய வாயில்களை மூடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே மூடிக் கிடந்தது. உதட்டையும் நாக்கையும் அவர்கள் சிறுவயதிலேயே கடித்துக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ள இந்த மதகு வரைபடம் உதவும். நாள்பட்ட நரம்பு எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலினையோ டுலோக்சிடினையோ எழுதினால், மருந்துக் கடையில் அல்லது இணையத்தில் பார்த்துவிட்டு "எனக்கு மனநோய் மாத்திரையா கொடுத்திருக்காங்க?" என்று சினப்பவர்கள் உண்டு. அவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவைதான். ஆனால் இங்கே அவற்றின் வேலை, மேலிருந்து இறங்கும் பாதையில் நாரட்ரினலினும் செரட்டோனினும் கூடுதல் நேரம் தங்கச் செய்து அடைப்பு ஆணையை வலுப்படுத்துவது. கபாபென்டினும் பிரிகாபலினும் பின்கொம்பில் செய்தி கைமாறும்போது கால்சியம் உள்ளே வருவதைக் குறைக்கின்றன. மார்பின் அணையிலும் கிளை மதகிலும் தண்டுவட மடையிலும் ஒருசேர வேலை செய்வதால்தான் அவ்வளவு வலியது. அதை நெடுநாள் எடுத்தால் உடல் பழகிவிடும். சிலருக்கு வலி உணர்வே கூர்மையடையும் என்பதால், புற்றுநோய் வலிக்கு அது இன்றியமையாததாக இருந்தும் மற்ற நாள்பட்ட வலிகளுக்கு மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நடைப்பயிற்சியும் மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சியும் பலருக்கு இந்த இறங்கு பாதையைத் தூண்டுகின்றன. என் சின்னம்மாவுக்கு ஓரளவு பயன் தந்தவை அவைதான். கடுப்பு போய்விடவில்லை, தையல் மெஷினில் உட்காரும் நேரம் நீண்டிருக்கிறது.

மிளகாயும் இந்த வரிசையில் மருந்தாக வந்து சேர்ந்துவிட்டது. 8 சதவீதம் கேப்சைசின் செறிந்த பட்டைக்கு அமெரிக்காவில் 2009இல் அக்கி எனப்படும் நரம்புக் கொப்புள நோய்க்குப் பின் நீடிக்கும் வலிக்கும், 2020இல் சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கும் அனுமதி கிடைத்தது. ஒட்டுபவர் கையுறை போட்டுக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். பட்டை தோலில் இருக்கும் அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கதவு அகலத் திறந்து கடுமையாக எரியும். அவ்வளவு நேரம் திறந்தே கிடந்த முனைகள் அதன் பிறகு செயலிழந்து, தோலின் மேற்பரப்பிலிருந்து பின்வாங்கிக்கொள்ளும். அவை மறுபடி வளர்ந்து வரச் சுமார் மூன்று மாதம் ஆகும். எரிச்சல் திரும்பினால் அப்போது இன்னொரு பட்டை.